பதினைந்து நாள் மாத்திரை, முப்பது நாள் தவணை

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மனநலப் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

கடலோரத் தாலுகா அரசு மருத்துவமனை ஒன்றின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வாராவாரம் நடந்துவந்த மனநலப் பிரிவு இனி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. அதே கட்டடத்தில், பத்தடி தள்ளி, மருந்து கொடுக்கும் ஜன்னலில் மனநல மாத்திரை ஒரு தடவைக்குப் பதினைந்து நாளுக்குத்தான் தருகிறார்கள். மீதிப் பதினைந்து நாளுக்கு எங்கே போவது என்று கேட்டால், மாவட்டத் தலைமை மருத்துவமனையைக் கை காட்டுகிறார்கள். முதல் செவ்வாய் அரசு விடுமுறையாக அமைந்துவிட்டால் அடுத்த மாதம்தான்.

அந்தத் தாளில் கையெழுத்திட்டவரும் மருந்து ஜன்னலுக்கு உத்தரவு போட்டவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை என்பது தெரிகிறது. இடையில் அகப்பட்டிருப்பவர்கள் நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும். இதை எழுதுகிற எங்களில் நோயாளிகளின் வீட்டாரும் உண்டு, கிராமச் செவிலியப் பணியிலும் மருந்தகப் பணியிலும் இருந்தவர்களும் உண்டு.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். நோய் இன்னதென்று தீர்மானிக்கவும், முதல் மருந்தை எழுதவும் மனநல மருத்துவர் வேண்டும். அதற்குத் தஞ்சாவூர், திருவாரூர் எங்கே என்றாலும் வருகிறோம். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அதே மாத்திரையைத் தொடர்ந்து வாங்குவதற்கு நிபுணர் தேவையில்லை. அந்த வேலை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்க வேண்டும். 'மனநல மருத்துவர்கள் பற்றாக்குறை' என்ற பதிலை நாங்கள் பலமுறை கேட்டுவிட்டோம். பற்றாக்குறை உண்மைதான். இருக்கிற ஒருவரை மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்துத் தரும் வேலைக்கு உட்காரவைத்துவிட்டுப் பற்றாக்குறை என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

தூரத்தைக் கொஞ்சம் பாருங்கள். கோடியக்கரையிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 2022-ல் திறக்கப்பட்ட நாகை மருத்துவக் கல்லூரி நகருக்கு வெளியே, ஒரத்தூரில் இருக்கிறது. மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டமாகிவிட்டது, ஆனால் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. வெளிநோயாளர் சீட்டு பகல் பன்னிரண்டோடு நின்றுவிடும் என்பதால் முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நோயாளி தனியாகப் போக முடியாது, கூட ஒருவர் போக வேண்டும். நடவு, களை நேரத்தில் இரண்டு ஆள் கூலி போகிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தோடு சரி, வெளியூர்ப் பேருந்துக்குக் காசு கொடுக்க வேண்டும். இதையெல்லாம் சமாளித்தாலும் இன்னொன்று இருக்கிறது. பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்புகிற ஒருவரை நெரிசலில் இரண்டு மணி நேரம் உட்காரவைக்க முடிவதில்லை. பாதி வழியில் இறங்கி ஓடுவார். 'நோயாளி நேரில் வந்தால்தான் மாத்திரை' என்ற நடைமுறையை எழுதியவர் அப்படி ஒரு பஸ் பயணத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

பதினைந்து நாள் மாத்திரையை ஒரு மாதத்துக்கு ஓட்டுவது எப்படி என்று வீட்டார் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அரிவாள்மணையில் வைத்துப் பாதியாக வெட்டுகிறார்கள். மனச்சிதைவுக்குத் தரும் ஓலான்சபின் பத்து மில்லிகிராம் ஐந்தாகிறது. முதலில் போவது தூக்கம். நாலைந்து இரவு கண் மூடாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பிறகு முணுமுணுப்பு, பிறகு சாப்பாட்டில் சந்தேகம். அடுத்த மாதம் மருத்துவர் பார்க்கும்போது, 'பத்து மில்லிகிராமில் கேட்கவில்லை' என்று பதினைந்தாக ஏற்றி எழுதுகிறார். பாதி வெட்டியதை வீட்டார் சொல்ல மாட்டார்கள், திட்டு விழும் என்ற பயம். அந்த மாதம் மாத்திரை முழுசாகக் கிடைத்து, முழு அளவும் உள்ளே போனால் ஆள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பார். 'இந்த மாத்திரையே வேண்டாம்' என்று நிறுத்திவிடுவார்கள். சிகிச்சை நோட்டில் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று ஏறிவிடும். இந்த வட்டத்துக்கு ஆரம்பம் மருந்து ஜன்னலில்.

எல்லா மாத்திரையையும் வெட்டவும் முடியாது. மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட் பூச்சு போட்ட மாத்திரை. அதே நோய்க்கான லித்தியத்தில் மெதுவாகக் கரையும் வகையை உடைத்தால் மருந்து வேகமாக இரத்தத்தில் கலந்துவிடலாம்.

க்ளோசபினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத மனச்சிதைவுக்குக் கடைசியாகக் கொடுப்பது அது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக மறுபடி ஏற்ற வேண்டும். இல்லையென்றால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழுவார், வலிப்பும் வரலாம். வெள்ளிக்கிழமை இரவோடு மாத்திரை தீர்ந்து, சனி ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை விடுமுறை என்றால் கெடு தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை எப்படியோ மாத்திரை கிடைத்ததும் வீட்டில் பழையபடி முன்னூறு மில்லிகிராம் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சின்ன ஊர் மருந்துக்கடைகளில் க்ளோசபின் வைப்பதே இல்லை, காசு கொடுத்தாலும் கிடைக்காது. இந்த மருந்தில் வெள்ளையணுக்கள் குறையும் ஆபத்து உண்டு என்பதால் முதல் பதினெட்டு வாரம் வாராவாரம் இரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். பதினெட்டு வாரமும் மாவட்டத் தலைநகருக்குப் போய்வரக் கூலிவேலைக் குடும்பத்தால் ஆகுமா? ஆகாது என்று மருத்துவருக்கும் தெரியும். அதனால் கிராமத்து நோயாளிக்கு அந்த மருந்தை எழுதவே யோசிக்கிறார். நல்ல மருந்து இருந்தும் தூரத்தால் கிடைக்காமல் போகிறவர்கள் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை.

லித்தியத்துக்கு இன்னொரு சிக்கல். இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் நிற்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் இரத்தம் எடுத்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு எடுக்க வேண்டும். முதல் பஸ்ஸில் வந்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஆய்வகத்துக்குப் போகும்போது பதினொன்றரை. அளவு குறைவாகக் காட்டும். வீட்டிலேயே காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தால் கூடுதலாகக் காட்டும். இரண்டிலும் மருத்துவர் தவறான எண்ணைப் பார்த்து அளவை மாற்றுவார். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வகம் இருக்கிறது, சுழற்றும் எந்திரம் இருக்கிறது. காலை ஒன்பதுக்கு இரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, குளிர்பெட்டியில் மாவட்டத்துக்கு அனுப்பினால் ஆள் போக வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: லித்தியம் ஹெப்பரின் தடவிய பச்சை மூடிக் குழாயில் எடுக்கக் கூடாது. குழாயில் இருக்கும் லித்தியமே அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.

இதைச் சித்திரை, வைகாசி வெயிலோடு சேர்த்துப் பாருங்கள். நாள் முழுக்க வியர்த்து, தண்ணீர் போதாமல் வேலை செய்கிற ஆளுக்கு லித்தியம் உடம்பில் தேங்கும். மாலையில் உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறார், அது இன்னும் ஏற்றிவிடும். கை நடுங்கும், வயிற்றால் போகும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஊரில் குடித்திருக்கிறார் என்பார்கள். இந்த அடையாளங்களையும், எந்த வலி மாத்திரை கூடாது என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்து ஒட்ட எவ்வளவு செலவாகும்?

மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களில் சிலர் முதல் வாரத்திலேயே நிறுத்துகிறார்கள். ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய சில நாளில், இளம் ஆண்களுக்குக் குறிப்பாக, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், நாக்கு தடித்து வெளியே தள்ளும், கண் மேலே செருகும். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். பேய் இறங்கவில்லை, இன்னும் ஏறுகிறது என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு. புரோமெத்தசின் ஊசி ஒன்று, 25 அல்லது 50 மில்லிகிராம், தசையில் போட்டால் அரை மணியில் சரியாகிவிடும். ஒவ்வாமைக்காக அந்த ஊசி ஆரம்ப சுகாதார நிலைய அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது. பணியில் இருப்பவருக்கு இந்த மருந்தையும் இந்த நிலையையும் சேர்த்துப் பார்க்கப் பழக்கமில்லை என்பதால் வலிப்பு என்று எழுதி மேலே அனுப்புகிறார்கள்.

தினம் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு நீடித்த ஊசி இருக்கிறது. ஃப்ளூபெனசின் டெக்கனோயேட் 25 மில்லிகிராம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று, அல்லது ஹாலோபெரிடால் டெக்கனோயேட் மாதம் ஒன்று. ஃப்ளூபெனசினை முதல் தடவை 12.5 மட்டும் போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது வழக்கம். எண்ணெயில் கரைத்த மருந்து என்பதால் ஊசியும் குழலும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், புட்டத்துத் தசையில் ஆழமாக, மெதுவாக ஏற்ற வேண்டும். குளிர்பதனப் பெட்டி தேவையில்லை, வெளிச்சம் படாமல் வைத்தால் போதும். தடுப்பூசி போடுகிற செவிலியருக்கு இது ஒரு நாள் பயிற்சி. இந்த ஒரு ஊசிக்காக வேதாரண்யத்துக்குத் தெற்கே இருந்தும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோரத்திலிருந்தும் மாதாமாதம் ஆட்களை நகரத்துக்கு வரவழைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

இரவு நேரத்து நெருக்கடியைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான். 108-ஐக் கூப்பிட்டால் போலீஸ் கூட வர வேண்டும் என்கிறார்கள். போலீஸ் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் இல்லை. கடைசியில் கயிறுதான் மிஞ்சுகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 94-வது பிரிவு, பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசரச் சிகிச்சை தொடங்கலாம், அது 72 மணி நேரம் வரை செல்லும், நோயாளியை மனநல நிலையத்துக்குக் கொண்டுசெல்வதும் அதில் அடங்கும் என்கிறது. ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் சேர்த்து ஊசியாகப் போட்டு அமைதிப்படுத்தும் முறையை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வுகளில் ஒன்று வேலூரில் நடந்தது. மருந்து இரண்டும் விலை குறைந்தவை. போட்டபின் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கவனிக்க ஒரு செவிலியர் வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தின் 95-வது பிரிவு சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிணைக்கப்பட்ட நிலையில் இருந்தவர்கள் தீயில் கருகிய பிறகும் வீடுகளில் கட்டிவைப்பது நிற்கவில்லை. மாத்திரை தீர்ந்த வாரத்தில்தான் கட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கட்டியவர்களைக் குற்றவாளிகளாகப் பேசும் விழிப்புணர்வுக் கூட்டங்களை நிறுத்திவிட்டு அந்த வாரத்தை அடைக்கும் வழியைச் செய்யுங்கள்.

நாகூர் தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் ஏன் அழைத்துப் போகிறீர்கள் என்று கேட்பதிலும் எங்களுக்கு வருத்தம் உண்டு. அங்கே சீட்டு பன்னிரண்டு மணிக்கு முடிவதில்லை, முதல் செவ்வாய் மட்டும் என்று யாரும் சொல்வதில்லை. தர்காவோ கோயிலோ மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவரை எங்களுக்கு அதில் சண்டையில்லை. குடும்பங்கள் கூடுகிற அந்த இடத்துக்கே மருத்துவக் குழு போனால் நல்லது.

நீங்கள் சட்டத்தைப் படித்தவர்கள், இருந்தாலும் சொல்கிறோம். அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, மனநோய் உள்ள எவரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் பயணிக்க வேண்டிய நிலை கூடாது, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே சேவை வேண்டும் என்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே எல்லா அரசு நிலையங்களிலும் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. வட்டாரத்துக்கு ஒன்றாக, முப்பது படுக்கையோடு நம்மிடம் இருக்கிற மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம்தான் அந்தச் சமுதாய சுகாதார நிலையம். 31-வது பிரிவு, அரசு மருத்துவ அலுவலர் அனைவருக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையிலும் அவசரச் சிகிச்சையிலும் பயிற்சி தரச் சொல்கிறது. மனநலப் பணியாளர் எண்ணிக்கையைப் பன்னாட்டு அளவுக்கு உயர்த்தப் பத்தாண்டு கெடுவும் வைக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018-ல், கெடு 2028-ல் முடிகிறது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை கிடைக்காமல் இருக்கிறார்கள் என்று சொன்னது. தமிழ்நாடு அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது.

அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்தால் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள், அது நல்ல ஏற்பாடு. ஆனால் மாத்திரை போன் வழியாக வருவதில்லை. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது, அதே தெருவில் அடுத்த வீட்டில் மனச்சிதைவுக்கான ரிஸ்பெரிடோன் தீர்ந்து கிடக்கிறது.

ஆகவே கேட்கிறோம்.

முதலாவதும் முக்கியமானதுமாக: நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஒரு தடவைக்கு முப்பது நாள் மாத்திரை, மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தில். ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், ஹாலோபெரிடால், ட்ரைஹெக்ஸிஃபெனிடில், ஃப்ளூஆக்ஸடின், லித்தியம், வால்ப்ரோயேட், க்ளோசபின் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிலையமும் தன் பகுதி நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்து அரசு மருந்துகளை வாங்கி வழங்கும் மருத்துவப் பணிகள் கழகத்திடம் தேவைப் பட்டியல் கொடுக்க வேண்டும். தேவை எழுதப்படாத மருந்து கிடங்கிலிருந்து கிளம்பாது. வீட்டார் வந்து வாங்கலாம், நோயாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வந்தால் போதும். எந்த மாவட்டத்தில் எழுதிய நோட்டும் எல்லா மாவட்டத்திலும் செல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் உள்ளவர் வீட்டில் லித்தியம் மாதக்கணக்கில் குவிந்திருப்பது ஆபத்து என்பது எங்களுக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு வாரத் தவணையைக் கிராமச் சுகாதாரச் செவிலியர் கையில் கொடுங்கள், அவர்களைக் காரணம் காட்டி எல்லோருக்கும் பதினைந்து நாளாகக் குறைக்காதீர்கள்.

ஐப்பசி தொடங்குமுன் இரண்டு மாத மாத்திரை தர வேண்டும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது மரம் விழுந்து சாலை அடைபட்டதும், கூரையோடு மாத்திரையும் போனதும் உங்கள் பதிவுகளிலேயே இருக்கும். புயல் முகாம்களுக்குப் போகும் மருந்துப் பெட்டியில் மனநல மருந்தும் இருக்க வேண்டும்.

நீடித்த ஊசியைச் செவிலியர் போடவும், லித்தியம், க்ளோசபின் இரத்த மாதிரியை உள்ளூரில் எடுத்தனுப்பவும் எழுத்தில் ஆணை வேண்டும். வாய்மொழி ஆணை மருத்துவ அலுவலர் மாறினால் போய்விடும். 108 பணியாளர்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் 94-வது பிரிவின்படி என்ன செய்ய வேண்டும் என்று ஒரே பக்கத்தில் தமிழில் அறிவுறுத்தல் அனுப்புங்கள். மாற்றுத்திறன் சான்றுக்கு 40 சதவீதப் பாதிப்பு உண்டா என்று மதிப்பிடும் முகாமைத் தாலுகாவுக்கு ஒன்றாக ஆண்டுக்கு இருமுறை நடத்துங்கள். மக்களைத் தேடி மருத்துவம் கொண்டுவரும் பையில் மனநல மாத்திரைக்கும் இடம் வேண்டும். பிரசவமான இரண்டு வாரத்துக்குள் தூக்கமின்றிப் பிதற்றும் தாயைக் கண்டால் அன்றே மேலே அனுப்பும் அதிகாரம் கிராமச் செவிலியருக்கு வேண்டும்.

சுவரில் ஒட்டிய அந்தத் தாளைத் திரும்பப் பெற்று, வாராந்தரப் பிரிவை மீண்டும் தொடங்குங்கள். விடுமுறை வந்தால் மறுநாள் நடத்த வேண்டும், ஆண்டு முழுமைக்குமான தேதிகளைச் சித்திரையிலேயே அச்சிட்டு ஒட்ட வேண்டும்.

இதற்குப் பதிலை முப்பது நாளுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறோம். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் வேண்டாம். எந்த நிலையத்தில், எந்தத் தேதி முதல், எந்த மருந்து, எத்தனை நாளுக்கு என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையாக அந்தப் பதில் இருக்கட்டும்.